அழாத பிள்ளை

குழந்தை பிறந்த பதினோராம் நாள், மாலை

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. வீட்டில் நால்வரும் நலம். நால்வர் என்று எழுதும்போது முதுகு தானாக நிமிர்கிறது. போன மாதம் வரை மூவர்தான். உன் கப்பல் கம்பெனி அலுவலகத்தில் கொடுக்கும் கடிதம் எத்தனை துறைமுகம் உன் கப்பலைத் துரத்துமோ தெரியாது. இது உன் கைக்கு வரும்போது உன் மகனுக்குப் பல் முளைத்து, அவன் என்னைக் கடித்துக்கொண்டிருக்கலாம். ஆனாலும் செய்தி செய்திதான்.

பிறந்தபோது இரண்டே முக்கால் கிலோ. மூக்கு நம் வீட்டு மூக்கு. அதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. குரல் யாருடையது என்று முதலில் தெரியவில்லை. முதல் ஒரு வாரம் அவன் போட்ட சத்தத்தில் உன் அண்ணி இரண்டு சட்டைக்கு மும்மூன்று கைகள் தைத்துவிட்டாள். எதற்கு அழுகிறான் என்று விசாரித்தால் இன்னும் பெரிதாக அழுவான். காரணம் சொல்லாமல் கத்துவதையும், கத்தினால் வேலை நடந்துவிடுவதையும் பார்த்து அவனுக்கு ‘மேலதிகாரி’ என்று பெயர் வைத்திருக்கிறோம். நிஜப் பெயர் நீ வந்து வை.

பணிமனையில் நூற்று நாற்பது பேருந்துகளுக்கு இருபத்திரண்டு வருடமாக நேர அட்டவணை போடுகிறவன் நான். அவற்றில் சில அந்த நேரத்துக்குப் போயும் இருக்கின்றன. ஒரே ஒரு குழந்தைக்கு அட்டவணை போட முடியாதா என்று எட்டாம் நாள் உட்கார்ந்தேன். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பால். நடுவில் தூக்கம். நினைத்த நேரத்தில் தூக்குவது, கொஞ்சுவது எல்லாம் ரத்து.

எழுத நல்ல தாள் தேடினேன். பிரசவ வார்டிலிருந்து அனுப்பும்போது ஒரு வழவழப்பான கெட்டித் தாள் கொடுத்திருந்தார்கள். ஒரு பக்கம் படமும் எழுத்துமாக ஏதோ அச்சடித்திருந்தது. மறுபக்கம் சுத்த வெள்ளை. அரசாங்கம் இவ்வளவு நல்ல தாளில் ஒரு பக்கத்தை வீணாக்குவது எனக்குப் பொறுக்கவில்லை. சிவப்பிலும் நீலத்திலும் எழுதி, கட்டிலுக்கு மேலே சுவரில் நான்கு மூலையும் அழுத்தி ஒட்டிவிட்டேன்.

முதல் இரண்டு நாள் மேலதிகாரி அட்டவணையைச் சட்டை செய்யவில்லை. நேற்று மதியம் முதல் நடத்தை மாறிவிட்டது. அழுகையே இல்லை. பால் நேரத்துக்கு நாம்தான் எழுப்ப வேண்டியிருக்கிறது. எழுப்பினாலும் பூனைக்குட்டி போல ஒரு முனகல், மறுபடி தூக்கம். எதிர்வீட்டு வாத்தியார் வந்து பார்த்துவிட்டு, இவ்வளவு சமத்தான பிள்ளையைத் தான் பார்த்ததில்லை என்றார். முப்பது வருடம் வகுப்பு எடுத்தவர். அமைதியின் அருமை அவருக்குத் தெரியும். அவருக்கு அட்டவணையைக் காட்டினேன். நகல் கேட்டிருக்கிறார்.

உன் அண்ணி குளிப்பாட்டி, தலை முதல் தொப்புள் வரை பவுடர் போட்டு, பொம்மை மாதிரி வைத்திருக்கிறாள். உடம்பு குளுகுளுவென்று இருக்கிறது. காய்ச்சல் கீய்ச்சல் எதுவும் கிடையாது. பாதம் மட்டும் கொஞ்சம் ஜில்லென்று இருப்பதால் இரண்டு ஜோடி காலுறை போட்டிருக்கிறோம்.

உன் மனைவிதான் சும்மா கவலைப்படுகிறாள். முன்பு போல இழுத்துக் குடிக்கவில்லையாம். பம்பு கம்பெனியில் நாள் முழுக்க பம்பு சோதித்துப் பழகிய கை. வீட்டிலும் ஏதாவது சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் சமாதானம் சொல்லியிருக்கிறேன். நீ இங்கே இல்லையே என்று வருந்தாதே. அண்ணன் இருக்கிறேன். உன் பிள்ளை ஒழுங்காக வளர்கிறான்.

என்றும் உன் நலம் நாடும்,
அண்ணன்


குழந்தை பிறந்த இருபத்து மூன்றாம் நாள், காலை

அன்புள்ள தம்பிக்கு,

குழந்தை நலம், தாய் நலம். இதை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். மீதியை நீ உட்கார்ந்து படி.

என்னுடைய முந்தைய கடிதம் உனக்கு முன்பே வந்திருந்தால் அதை நம்பாதே. இரண்டும் சேர்ந்து வந்திருந்தால் அதைப் பிரிக்காதே. அதில் இருப்பது பொய் இல்லை. நான் பார்த்ததைத்தான் எழுதினேன். என்ன பார்க்கிறேன் என்று தெரியாமல் எழுதினேன். இருபத்திரண்டு வருட அலுவலகப் பழக்கம்.

அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுத்ததற்கு மறுநாள், பன்னிரண்டாம் நாள் காலை ஒன்பது மணிக்கு, உன் மனைவி குழந்தையைப் பாலுக்கு எழுப்பினாள். அவன் வாயே திறக்கவில்லை. அவள் கூடத்துக்கு வந்து, “மாமா, இவன் இழுக்கவே மாட்டேங்கிறான்” என்றாள். நான் செய்தித்தாளை மடிக்காமலே, “வயிறு நிறைஞ்சிருக்கும்மா. அடுத்தது பன்னிரண்டு மணிக்கு இருக்கு” என்றேன். பேருந்தைத் தவறவிட்ட பயணிகளிடம் நான் வழக்கமாகச் சொல்வது. உன் அண்ணி தையல் மெஷினிலிருந்து எழுந்து போய் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, சூடே இல்லை, பதறாதே என்றாள். நெற்றி சுடவில்லை என்றால் நம் வீட்டில் நோய் இல்லை. அம்மா காலத்துச் சட்டம்.

பத்து மணிக்கு மறுபடி முயற்சி செய்தாள். நேரம் ஆகவில்லையே என்றேன். பதினொன்றுக்கும் முயன்றாள். அட்டவணையைக் கெடுக்காதே என்றேன். கொஞ்சம் குரலை உயர்த்தித்தான் சொன்னேன். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மூன்று மணி நேரம். தம்பி, அந்த மூன்று மணி நேரமும் என்னுடையது. இதை நீ மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

பன்னிரண்டு மணிக்கு அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. குழந்தையின் சட்டை, காலுறை, துணி எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். குளிரப்போகிறது என்று உன் அண்ணி சத்தம் போட்டாள். உன் மனைவி திரும்பாமலே பேசினாள். அவள் இத்தனை பேசி நான் கேட்டதில்லை.

“பம்பு தண்ணி இழுக்கலேன்னா சத்தம் குறைஞ்சிடும் மாமா. ஆம்பியரும் இறங்கிடும். வெளியே நிக்கிறவன் நல்லா ஓடுதுன்னு நினைச்சுட்டுப் போயிடுவான். உள்ளே எரிஞ்சுக்கிட்டிருக்கும்.”

அப்படிச் சொல்லிவிட்டுக் கட்டில் மேல் ஏறினாள். என் அட்டவணையின் ஒரு மூலையில் நகத்தைக் கொடுத்து ஒரே இழுப்பில் பிய்த்தாள். சுவரின் சுண்ணாம்பும் கொஞ்சம் கூடவே வந்தது. தாளைத் திருப்பினாள். ஆஸ்பத்திரியில் அதைக் கொடுத்த நர்ஸ் ஏதோ சொன்னாராம், அரைகுறையாக ஞாபகம் இருந்ததாம். நான் சுவரைப் பார்க்க வைத்து ஒட்டியிருந்த பக்கத்தில், ‘இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை: உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டிய அறிகுறிகள்’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. ஏழு அறிகுறிகள். நான்கு நாளாக அந்த ஏழும் குழந்தையின் தலைக்கு மேலே, என் நீல மைக்குப் பின்னால், சுவருக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கின்றன.

அவள் ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தாள். பால் குடிக்காமை. அது இருந்தது. தொட்டு அசைத்தால் மட்டும் அசைவது. அதைத்தான் எதிர்வீட்டு வாத்தியார் சமத்து என்றார். வேகமான மூச்சு. “உங்க வாட்சைக் குடுங்க மாமா, முழுசா ஒரு நிமிஷம் எண்ணணுமாம்” என்று வாங்கி எண்ணினாள். எழுபத்து நான்கு. அறுபதுக்குப் போகக் கூடாதாம். எண்ணியதில் தப்பு இருக்கும் என்றேன். வாட்சை என் கையில் திணித்தாள். நான் எண்ணினேன். எழுபத்திரண்டு. நிமிடங்களோடு எனக்கு நீண்ட நாள் பழக்கம். ஒரு நிமிடம் இவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே சதை குழிந்து குழிந்து எழுந்தது. அதுவும் அந்தத் தாளில் படத்தோடு இருந்தது.

காய்ச்சல்தான் இல்லையே என்று உன் அண்ணி அப்போதும் கேட்டாள். காய்ச்சல் எவ்வளவு ஆபத்தோ, உடம்பு ஜில்லென்று ஆவதும் அவ்வளவு ஆபத்து என்று தாளில் போட்டிருந்தது. தெர்மாமீட்டர் முப்பத்தைந்து செல்சியஸ்தான் காட்டியது; முப்பத்தைந்தரைக்குக் கீழே போகக் கூடாதாம். உன் மனைவி தொப்புளில் இருந்த பவுடரைப் பஞ்சால் மெல்லத் துடைத்தாள். சுற்றிலும் சிவந்து, ஓரத்தில் சீழ்.

ஏழு அறிகுறிகளில் ஆறு. ஏழாவது வலிப்பு. அதற்குக் காத்திருக்கச் சொல்லி யாரும் அட்டவணை போடவில்லை.

“அக்கா, ஒரு போர்வை. மாமா, ஒரு ஆட்டோ.” அவ்வளவுதான் சொன்னாள். நான் செருப்பைக் கூட மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன். குழந்தையைத் தன் நெஞ்சோடு தோல் படும்படி சட்டைக்குள் வைத்து, மேலே போர்வையைச் சுற்றிக்கொண்டு ஏறினாள். அதுவும் தாளில் இருந்தது. வழி முழுக்க அவள் அழவில்லை. குழந்தையின் முதுகில் விரலை வைத்து மூச்சை எண்ணிக்கொண்டே வந்தாள்.

சுகாதார நிலையத்தில் நர்ஸ் சாப்பிட உட்கார்ந்திருந்தார். டிபன் டப்பாவை மூடிவிட்டு, கை கழுவி, குழந்தையைப் பார்த்தார். உன் மனைவி தாளில் நகத்தால் கீறிய ஆறு இடங்களையும் காட்டினாள். அந்த அம்மாள் கேள்வியே கேட்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, தொடைக்கு ஒன்றாக இரண்டு ஊசி போட்டார். பெரிய ஆஸ்பத்திரியில்தானே வைத்தியம், இங்கே எதற்கு ஊசி, இரண்டு இடத்திலும் போட்டுக் கணக்கு இரட்டிப்பாகிவிடாதா என்று நான் முறைப்படி ஒரு சந்தேகம் எழுப்பினேன். “முதல் வேளை ஊசி இங்கேயே சார். ஆம்புலன்ஸ் வரும்வரைக்கும் கிருமி காத்துக்கிட்டிருக்காது. நீங்க கொஞ்சம் வெளியே நில்லுங்க” என்றார். போட்ட மருந்து, அளவு, நேரம் எல்லாம் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். நேரத்தை நிமிடம் வரைக்கும் எழுதியிருந்தார். அந்தச் சீட்டைப் பார்த்தபோது, எங்கள் பணிமனையில் அவர் இருந்திருந்தால் பேருந்துகள் ஓடியிருக்கும் என்று தோன்றியது.

பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு மூன்றாம் மாடி. குழந்தையைச் சூடான விளக்கின் கீழ் படுக்க வைத்து, மூக்கில் ஆக்சிஜன், கையில் டிரிப். சர்க்கரை இறங்கிப்போயிருந்தது. ரத்தம் எடுத்தார்கள். முதுகெலும்பிலிருந்து நீரும் எடுத்தார்கள். மூளைக்குப் போயிருக்கிறதா என்று பார்க்கவாம். போகவில்லை. சின்ன வயது டாக்டர் அம்மா எங்களிடம் வந்து, ரத்தத்தில் கிருமி கலந்திருக்கிறது என்றார். இவ்வளவு சின்னக் குழந்தைக்கு எதிர்த்துக் கத்தக்கூட சக்தி இருக்காது, அதனால் அடங்கிப்போய்விடும். அடங்கிய குழந்தையைப் பார்த்து வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள் என்று சொன்னார். யாரைச் சொல்கிறார் என்று நான் பக்கத்தில் இருந்த சுவரைப் பார்த்தேன். கிருமி எங்கிருந்து வந்தது என்று உன் அண்ணி அழுதுகொண்டே கேட்டாள். தொப்புள் வழியாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது, இனிமேல் அங்கே பவுடர் உட்பட எதுவும் போடாதீர்கள், உலர்வாக விடுங்கள் என்றார். உன் அண்ணி வீட்டில் இருந்த மூன்று டப்பாவையும் குப்பையில் போட்டுவிட்டாள். அவளைப் பற்றி இதற்கு மேல் எதுவும் கேட்காதே; அவளே போதுமான அளவு கேட்டுக்கொண்டுவிட்டாள்.

பிறகு டாக்டர் அம்மா பேனாவை எடுத்து, “காலையிலேயே பால் குடிக்கலைன்னு சொல்றீங்க. ஏன் இவ்வளவு நேரம்?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். இருபத்திரண்டு வருடம் தாமதங்களுக்கு விளக்கம் எழுதியவன். டயர், மழை, மறியல், ஓட்டுநரின் வயிற்றுவலி, எல்லாவற்றுக்கும் என்னிடம் வாக்கியம் உண்டு. அன்று ஒரு வார்த்தையும் வரவில்லை. அந்த இடைவெளியில் உன் மனைவி, “நான்தான் டாக்டர். கொஞ்சம் யோசிச்சுக்கிட்டே இருந்துட்டேன்” என்றாள். டாக்டர் அம்மா எழுதிக்கொண்டார். நான் வாயை மூடிக்கொண்டேன். அதைத் திறந்ததற்கு ஒரு பயனும் இல்லை.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் மதியம். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து ஓர் அழுகை. வார்டில் பன்னிரண்டு குழந்தைகள். ஆனால் காரணம் சொல்லாமல், மூச்சு விடாமல், யாரையோ வேலையிலிருந்து நீக்குகிற மாதிரி கத்துகிறவன் ஒருவன்தான். எழுந்து நின்றேன். பக்கத்தில் இருந்தவர் என்ன சார் என்றார். “எங்க மேலதிகாரி” என்றேன். அவர் மரியாதையாக எழுந்து நின்றுவிட்டார்.

அன்று மாலை அவன் தாயிடம் இழுத்துக் குடித்தான். மறுநாள், அவன் ரத்தத்திலிருந்து சோதனைக்கூடத்தில் வளர்த்துப் பார்த்த கிருமியின் பெயர் தெரிந்தது; போட்டுக்கொண்டிருந்த மருந்தே அதற்குச் சரி என்றார்கள். ஐந்தாம் நாள், குழந்தைதான் நன்றாகிவிட்டானே, வீட்டுக்குப் போகலாமா என்று நான் நர்ஸிடம் விசாரித்தேன். பதில் உன் மனைவியிடமிருந்து வந்தது. “பார்க்க நல்லாயிருக்கான்னு பாதியில நிறுத்தினா கிருமி திரும்பி வரும் மாமா. பத்து நாள்னா பத்து நாள்.” அட்டவணையை மீறச் சொன்னது நான், காப்பாற்றியது அவள். பத்து நாளும் ஒரு வேளை தவறாமல் ஊசி. நடுவில் நீ துறைமுகத்திலிருந்து இரண்டு நிமிடம் கூப்பிட்டபோது, “நல்லா பால் குடிக்கிறான்” என்று அவள் சொன்னது உண்மைதான். எங்கிருந்து பேசுகிறாள் என்று நீ கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை. நோயோ மருந்தோ காதைப் பாதித்திருக்கிறதா என்று நேற்று காது கேட்கும் சோதனையும் செய்தார்கள். கேட்கிறது. எடை மூன்று கிலோ. வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அந்த வார்டில் அவளுக்கு இப்போது ஒரு பெயர் இருக்கிறது, தெரியுமா. ‘தாள் அம்மா.’ டாக்டர் அம்மா அந்தத் தாளை வாங்கி, பிரசவ வார்டில் இருக்கும் தாய்மார்களுக்கு இரண்டு பக்கத்தையும் காட்டினாராம். வெள்ளைப் பக்கத்தைப் பார்த்துவிட்டு அச்சடித்த பக்கத்தை மறைக்காதீர்கள் என்று. என் எழுத்து இத்தனை பேரால் படிக்கப்பட்டது இதுவே முதல் தடவை. இன்னும் அரை நாள் போயிருந்தால் கை மீறியிருக்கும் என்று டாக்டர் அம்மா என்னிடம் தனியாகச் சொன்னார். உங்கள் தம்பி மனைவி கெட்டிக்காரி என்றார். தெரியும் என்றேன். பன்னிரண்டாம் நாள் மதியத்திலிருந்து தெரியும் என்று விவரமாகச் சொல்லவில்லை. நம் வீட்டில் இதுவரை யாரும் பதக்கம், பட்டயம் வாங்கியதில்லை. நான் இப்போது தெருவில் நடக்கும் நடையைப் பார்த்தால் வாங்கியவன் மாதிரி இருக்கிறதாம். உன் அண்ணி சொல்கிறாள்.

ஒரு விஷயம் பாக்கி. டிஸ்சார்ஜ் தாளின் இரண்டாவது வரியில், ‘தாய் கவனிக்கத் தவறியதால் மூன்று மணி நேரம் தாமதம்’ என்று இருக்கிறது. நேற்று கிளம்பும் முன் பதிவேட்டுப் பிரிவுக்குப் போய் அதைத் திருத்தச் சொன்னேன். குமாஸ்தா என்னை மேலும் கீழும் பார்த்தார். தாய் என்று இருப்பதை என்ன என்று மாற்ற வேண்டும் என்றார். குழந்தையின் பெரியப்பா என்றேன். அவர் கம்ப்யூட்டரில் தேடிவிட்டு, தாமதத்துக்குக் காரணமாகத் தாய், தந்தை, போக்குவரத்து, வேறு மருத்துவம் என்று நான்குதான் இருக்கிறது, பெரியப்பாவுக்கு இடம் இல்லை என்றார். எழுதிக் கொடுத்தால் மேலிடத்துக்கு அனுப்புவாராம். எழுதிக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் எழுதினேன். நான் அலுவலகங்களை அறிவேன். அந்த மனு எங்கே போய்த் தூங்கும் என்பதும் தெரியும்.

அதனால்தான் இந்தக் கடிதம். நீ வந்து அந்தத் தாளைப் படிப்பாய். படித்துவிட்டு அவளிடம் ஏன் என்று கேட்டுவிடாதே, தம்பி. கேட்டால் அப்போதும் ‘நான்தான்’ என்று சொல்லிவிடுவாள். வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்தாள். அத்தனைக்குப் பிறகும் என் மடியில். வழி முழுக்க அவன் கத்தினான். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கேட்க வேண்டியதை எல்லாம் என்னிடம் கேள். நீ வயதில் சின்னவன் என்று பார்க்காதே. நான் தலை குனிந்து கேட்டுக்கொள்கிறேன்.

நீயும் உன் கப்பலும் நல்லபடியாகக் கரை சேர வேண்டும். உன் பிள்ளை நன்றாக அழுது, நீண்ட நாள் வாழ வேண்டும்.

தாமதத்துக்கு முழுப் பொறுப்பான,
உன் அண்ணன்